ஒரு 'நீங்க' படுத்திய பாடு

"இந்த நாடகத்துல மனைவி புருஷனைப் பார்த்து 'யூ'ங்கிறா. தமிழ்ல அது 'நீ'யா, 'நீங்க'ளா?"

கேட்டுவிட்டு ஆங்கில ஆசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இலக்கியத்தில் மனித உறவுகள் என்பதுதான் இன்றைய பாடம். ஆனால் சத்தியமாக, அந்த நாடகத்து மனைவியைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் சொந்த மனைவியைப் பற்றித்தான்.

காலையில் அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "சாயந்திரம் நீங்க சீக்கிரம் வந்துடுங்க. கொஞ்சம் பேசணும்."

நீங்க! கல்லூரியில் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள் அவள். அன்றிலிருந்து இன்றுவரை 'நீ', 'வா', 'போ'தான். கோபம் வந்தால் கூடவே ஒரு 'டா'வும் வரும். அப்படிப்பட்டவள் வாயில் திடீரென்று மரியாதை வந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் சந்தேகம் வராது? இது கோபத்தையும் தாண்டிய ஏதோ ஒன்று. என்ன எழவென்றுதான் தெரியவில்லை.

"சரி, இப்படி வச்சுக்குவோம்" என்றார் வகுப்பைப் பார்த்து. "எப்பவும் 'நீ'ன்னு கூப்பிடுற மனைவி, ஒருநாள் திடீர்னு 'நீங்க'ங்கிறா. ஏன்?"

ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது. அவருடைய மகள்.

"கையைக் கீழ போடு. மத்தவங்க சொல்லட்டும்."

பள்ளிக்கூடத்தில் அவர் அப்பா இல்லை, சார். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று நாளைக்கு ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது.

'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் எழுந்தாள். "அந்தாளு ஏதோ முக்கியமான நாளை மறந்து தொலைச்சிருப்பான் சார்."

அட, கல்யாண நாள்! மேசைக்கடியில் செல்போனை வைத்து, 'இனிய திருமண நாள் வாழ்த்துகள்' என்று அவசரமாகத் தட்டிவிட்டார். பதில் உடனே வந்தது: 'அது போன மாசமே முடிஞ்சாச்சு. உடம்பு சரியில்லையா?'

திரும்பத் திரும்பப் படித்தார். இதில் 'நீ'யும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை. ஐயையோ, ஆளையே கழற்றி விட்டுவிட்டாளே!

"வேற யாராவது?" என்றபடி செல்போனைச் சட்டைப்பையில் திணித்தார்.

'வக்கீல்' எழுந்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பட்டப்பெயர் அது. "நாளும் இல்ல, கிழமையும் இல்ல சார். அவன் பண்ணின திருட்டுத்தனம் ஏதோ வெளிய வந்துடுச்சு. அந்தம்மா கூப்பிட்டு வச்சு விசாரிக்கப் போறாங்க."

"அப்ப... அவன் என்ன பண்ணணும்?"

"விசாரணைக்கு முன்னாடியே ஒத்துக்கணும் சார். ஒண்ணு விடாம ஒத்துக்கணும். அப்பத்தான் தண்டனை குறையும்."

மகளின் கை மறுபடியும் உயர்ந்தது. "சார்..."

"உன்னைக் கேக்கலை! எல்லாரும் அடுத்த பக்கத்தைப் படிங்க."

வராந்தாவுக்கு ஓடி, தூணுக்குப் பின்னால் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னை மன்னிச்சுடும்மா. உன் பூஜாடியை உடைச்சது பூனை இல்ல, நான்தான்."

"பூஜாடியா?" என்றாள். போதவில்லை போலிருக்கிறது.

"லீவுக்கு உங்க அண்ணன் குடும்பத்தோட வரேன்னப்ப, உனக்கு ஒட்டுற காய்ச்சல்னு சொல்லித் தடுத்ததும் நான்தான்."

வக்கீல் ஒன்று விடாமல் என்றுதானே சொன்னான்!

"அப்புறம்... உன் பாட்டு டீச்சர் ஊரை விட்டுப் போகலை. இனிமே நீ வரமாட்டேன்னு நான்தான் போய்ச் சொல்லிட்டு வந்தேன். வீட்ல நீ பாடிப் பழகினது... என்னால தாங்க முடியலைம்மா."

எழுத்தெழுத்தாகப் பதில் வந்தது.

"நீங்க... வீட்டுக்கு வாங்க."

வகுப்புக்குத் திரும்பினார். தான் பயந்தது சரியாகத்தான் போயிற்று. காலையிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஜன்னலோரம் அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

"என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் தொலை!"

மகள் எழுந்து நின்றாள்.

"காலையில அம்மா சொன்ன 'நீங்க' மரியாதை இல்ல சார், பன்மை. என்னையும் சேர்த்துத்தான் சொன்னாங்க."