திக்காத லாரி

அலுவலகத்தில் நான் கோப்பு தள்ளுகிறவன். வீட்டில், கம்ப்யூட்டருக்குள், பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறவன். நிஜத்தில் எனக்கு சைக்கிள்கூட வராது. மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். அது வேறு விஷயம்.

ஒரு ஞாயிறு விளையாட்டை லைவாக ஆபீஸ்காரர்களுக்குக் காட்டினேன். மலை வளைவில் அவர்கள் திரையில் படம் நின்றுவிட்டது. மறுபடி ஓடியபோது லாரி பள்ளத்தில் கிடந்ததாம். அந்த வாரம் முழுக்க, என்னைக் கண்டதும் கேஷியர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த ஞாயிறும் படம் திக்கினால் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மனைவி வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிறவள். லேப்டாப்பை மூடிவிட்டு, நான் புலம்பியதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, வைஃபை பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவுல இரும்பு பீரோ நிக்குதே. இரும்பு சிக்னலைத் தடுக்குமாமே?"

"யாரு சொன்னா?"

"எனக்கென்ன தெரியும்? சும்மா கேட்டேன்."

தேடிப் படித்தேன். உண்மைதான். அவள் நகர்த்தச் சொல்லும்போதெல்லாம் இடுப்புவலி என்று நான் நழுவிய பீரோ அது. தள்ளினேன். அது நின்ற இடத்தில் மட்டும் சுவர், நாங்கள் குடிவந்த நாளின் நீலத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கம்ப்யூட்டர் சூடானாலும் திணறுமோ?"

"திணறும்."

"தூசியா இருக்குமோ?"

திறந்து தட்டினேன்.

"மேல ஃபேன்லேர்ந்து கொட்டுது போல."

ஃபேனைத் துடைத்தேன்.

"அந்தத் திரைச்சீலை..."

துவைத்தேன்.

"கட்டிலுக்கு அடியில..."

"எனக்குத் தெரியாதா?" என்று அதட்டிவிட்டு, நானே துடைப்பத்தோடு தவழ்ந்து உள்ளே போனேன். விவரம் தெரிந்தவனை யாரும் ஏவ வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை. அறை கண்ணாடி மாதிரி இருந்தது. மைக்கில் கம்பீரமாக வர்ணனை சொல்லிக்கொண்டே லாரியை மலையேற்றினேன். திரையோரத்தில் கேஷியர் எழுதினார்: "சார், படம் திக்குது."

அதே வளைவு வந்துகொண்டிருந்தது.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். மவுஸை வாங்கினாள். படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினாள்.

"நம்ம லைன் இவ்வளவுதான் தாங்கும்."

லாரி திக்காமல் வளைவைக் கடந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினம் வகுப்புக்கு இதைத்தானே பண்றேன்."

"போன ஞாயிறே சொன்னா என்னவாம்?"

"சொல்லியிருந்தா கட்டிலுக்கு அடியில யாரு போயிருப்பா?"

நான் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினேன்: "தயவுசெஞ்சு இதை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

திரையோரத்தில் கேஷியரின் எழுத்து வந்து நின்றது: "சொல்ல மாட்டோம் சார். இப்போ சத்தமும் நல்லாத் தெளிவா வருது."