கொம்பு வண்டுக்கு ஒரு சைடு போட்டோ

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு வண்டை சைடுல இருந்து ஒரு போட்டோ எடுத்து, சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்ணணும்.

வண்டு எங்கேயும் பறந்து போவாது. செத்துப் பல கோடி வருஷம் ஆவுது. மரத்துல வடிஞ்ச பிசின்ல மாட்டி, அந்தப் பிசின் மண்ணுக்குள்ள கிடந்து இறுகி, அம்பர்னு ஒரு மஞ்சக் கல்லா ஆயிடுச்சு. கல்லு புளியங்கொட்டை சைஸ். உள்ள இருக்கிற வண்டு எள்ளு சைஸ்.

அந்த எள்ளோட தலையில ஒரு கொம்பு!

இந்த வகை வண்டுல எதுக்குமே கொம்பு கிடையாது. அதனால இது புது இனம்னு நான் பக்கம் பக்கமா கட்டுரை எழுதி ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன். அதுல கொம்புக்கு மட்டும் ரெண்டு பக்கம். ஏத்துக்கிட்டாங்கன்னா பேரு வெக்கிற உரிமை எனக்கு. வண்டு பேருக்குப் பின்னாடி என் பேரும் காலத்துக்கும் ஒட்டிக்கிட்டே வரும்.

இதை வெச்சு ஆறு மாசமா வீட்டுல நான் பண்ண அலும்பு கொஞ்ச நஞ்சம் இல்ல. என் வீட்டுக்காரி செல்வி, சிலிண்டரை மாட்டிக் குடுங்கன்னு கேட்டா, "உலகத்துல யாரும் பார்க்காத வண்டைப் பார்த்துட்டு இருக்கேன், இப்பவா?"ன்னு கேப்பேன். அவளே மாட்டிக்குவா.

கட்டுரையைச் சரிபார்க்கிற புண்ணியவான் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாரு. "கொம்பு அருமை. பக்கவாட்டில் இருந்து ஒரு படம் அனுப்பவும்." நேத்துதான் கடைசி நாள்.

அதுவரைக்கும் நான் பார்த்ததெல்லாம் மேல இருந்து எடுத்த படம்தான். கல்லோட சைடு சொரசொரன்னு இருந்துச்சு. போன வாரம்தான் என் பிஎச்.டி. கைடு அதைத் தேய்ச்சு, பாலிஷ் போட்டுக் கையில குடுத்தாரு. "பத்திரம்பா. உலகத்துல இது ஒண்ணுதான் இருக்குது"ன்னாரு. செல்வியோட கம்மல் டப்பாவுல பஞ்சு வெச்சு எடுத்தாந்தேன்.

மைக்ராஸ்கோப் சென்னை லேப்ல. நான் அடி அண்ணாமலையில. நேத்து பௌர்ணமி! கிரிவலக் கூட்டத்துல நான் பஸ்ஸுல ஏறி உக்கார்றதுக்குள்ள வண்டுக்கே உயிர் வந்துடும்.

"செல்போன் ரிப்பேர் கடை தாஸு ஒண்ணு வெச்சிருக்கான். உள்ள வெச்சா டிவி மாதிரி பெருசா தெரியுது"ன்னு செல்விதான் சொன்னா.

உண்மைதான். போனுக்குள்ள இருக்கிற பொடிப் பொடி பார்ட்ஸை ஈயத்தால பத்த வைக்க தாஸ் மைக்ராஸ்கோப் வெச்சிருக்கான். படமும் எடுக்கும். ஓடினேன்.

கடை முழுக்க கிரிவலம் வந்த ஜனம். கீழ வுழுந்த போனு, சார்ஜ் தீர்ந்த போனு.

"இன்னா சார், டிஸ்ப்ளே போச்சா?"ன்னான் தாஸ்.

"வண்டு."

"தண்ணி புகுந்தாத்தான் சார் கஷ்டம். வண்டுன்னா க்ளீன் பண்ணிடலாம். போனைக் குடுங்க."

டப்பாவைத் திறந்து காட்டி விளக்கினேன். விளக்கினேன்னு சொல்றது கம்மி. லெக்சரே அடிச்சேன்.

ஸ்க்ரீன்ல வண்டு வந்து எருமை மாதிரி நின்னுச்சு. கடையே திரும்பிப் பார்த்துச்சு.

உடைஞ்ச போனோட நின்ன கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருத்தரு கிட்ட வந்தாரு. "இது நம்ம மல்லாட்டை மூட்டையில வர்ற வண்டுதானே?" எங்க பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு.

"இல்லீங்க. இது பல கோடி வருஷத்துக்கு முந்தினது."

"அப்பவே மல்லாட்டை போட்டாங்களா!"

சார்ஜ் ஏறட்டும்னு உக்காந்திருந்த வேலூர் அம்மா ஒருத்தங்க, "தலையில இன்னாபா அது?"ன்னாங்க.

இதுக்குத்தானே காத்துட்டு இருந்தேன்! "கொம்பு! இந்த ஜாதியில உலகத்துலயே இந்த ஒரு வண்டுக்குத்தான் இருக்குது!"

அந்தம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"தாஸு, கல்லை மெதுவா சைடுல சாய்"னேன். சாய்ச்சான்.

வண்டு ஒரு பக்கம் போச்சு. கொம்பு வேற பக்கம் போச்சு.

"சார், கொம்பு தனியா வருது."

"லென்ஸைத் தொடைப்பா."

தொடைச்சான். இன்னும் தெளிவா தனியா வந்துச்சு.

கீழ்பென்னாத்தூர்க்காரர் ஸ்க்ரீன் மேலயே விரலை வெச்சாரு. "கொம்பு இல்ல சார். சோடா பாட்டில்ல நிக்குமே, காத்துக் குமிழி. அது."

அதேதான். தலைக்கு மேல எங்கேயோ மிதக்கிற நீட்டுக் குமிழி. மேல இருந்து பார்க்கிறவனுக்குத் தலையில முளைச்ச மாதிரியே தெரியும். ஆறு மாசம் எனக்குத் தண்ணி காட்டியிருக்குது! கொம்பு இல்லன்னா இது யாரோ எப்பவோ பேரு வெச்சு முடிச்ச பழைய வண்டு. என் பேருக்கு அங்க வேலையே இல்ல.

வெக்கம்னு சொன்னா பத்தாது. அழுகையே வந்துச்சு.

மேல இருந்து எடுத்த படத்தையே அனுப்பிச்சு எப்படியாவது சமாளிச்சுடலாமான்னு ஒரு நிமிஷம் புத்தி போச்சு. திரும்பிப் பார்த்தா கடை நிறைய சாட்சி. ரெண்டு பேரு வீடியோ வேற எடுத்துட்டு இருந்தாங்க.

"சார், போட்டோ எடுக்கட்டா?"ன்னான் தாஸ்.

"எடுப்பா."

"கொம்போடயா, இல்லாமயா?"

வேலூர் அம்மாவுக்குத்தான் மனசு கேக்கல. "வுடுப்பா. குமிழிக்கும் அதே வயசுதானே?"ன்னாங்க.

அங்கயே நின்னு மெயில் போட்டேன். கொம்பு இல்லை, குமிழி, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், மன்னிக்கவும். கைடுக்கு போன் பண்ணேன். "நானும்தான்பா கொம்புன்னு பார்த்தேன்"னு போனை வெச்சுட்டாரு.

வீட்டுக்கு வந்து செல்விகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன், சிரிக்கல. பொறுமையா கேட்டுட்டு, ஒரு டம்ளர் காபியைக் கையில குடுத்தா.

"சரி, வண்டு தலையில இருந்தது குமிழின்னு தெரிஞ்சுபோச்சு. ஆறு மாசமா உங்களுக்குக் கொம்பு முளைச்சிருந்துச்சே, அது?"