ஜன்னலோரம் வைத்த போன்

மனைவியிடம் எதையும் கேட்டு வாங்குவதில்லை என்று பல் தேய்க்கும்போதே நம்மவர் தீர்மானித்துவிட்டார். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகத்தின் முதலாளி அவர். வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்று அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேரிடமும் வாரம் தவறாமல் சொல்பவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு வந்தது சோதனை. தெருவைத் தோண்டியவர்கள் முந்தின நாள் அலுவலகத்து இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். இன்று மாலைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடங்களை அனுப்பாவிட்டால், அந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். மொபைல் டேட்டாவை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அவர் போனில் அது எப்போதோ தீர்ந்திருந்தது. மனைவியின் போனில் தொடாமல் கிடந்தது. டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று அவளுக்கு வகுப்பெடுத்தவரே இவர்தான். எந்த முகத்தோடு கேட்பது?

"உன் போன் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஆபீஸ் பக்கத்துக் கடையில கொடுத்துச் சரி பண்ணிட்டு வரேன்," என்றார்.

அவள் மறுபேச்சில்லாமல் போனை நீட்டினாள். கூடவே சார்ஜரையும்.

"சார்ஜர் எதுக்கு?"

"பாவம், அதுக்கு இன்னிக்கு வேலை அதிகம்ல."

அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றிக் களிப்பு காதை அடைத்துவிட்டது.

அலுவலகத்தில் போனை ஜன்னலோரம் வைத்து, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கனெக்ட் பண்ணச் சொன்னார். அணையைத் திறந்துவிட்ட மந்திரி மாதிரி இருந்தது அவர் தோரணை. வரைபடம் போடும் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"சார், இதுதானா நம்மது?"

நெட்வொர்க்கின் பெயர், ஆங்கில எழுத்தில் அழகான தமிழ்: கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்.

கேபிள் போன அன்று அவர் போன் கிடைக்காததால், முதலில் அவர் மனைவிக்குத்தான் சேதி சொன்னதாக அந்தப் பெண் மெதுவாக விளக்கினாள்.

நடுவில் மாமியார் கூப்பிட்டார். பேசினால் நெட் நின்றுவிடும் அந்தப் போனில். பாதி போன வரைபடம் பாதியிலேயே தொங்க, மாப்பிள்ளை மூட்டுவலி விவரம் முழுவதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். எப்படியோ, இருட்டுவதற்குள் கடைசி வரைபடமும் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூட வேலை கையை விட்டுப் போகவில்லை. சூடேறியிருந்த அந்தப் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தபோது, நெஞ்சோரம் அந்தச் சூடு இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனார்.

"உன்னாலதான் இன்னிக்கு ஆபீஸ் பிழைச்சுது. நான் கேட்டிருக்கணும்."

"இப்பவாவது தோணுச்சே," என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு.

நன்றி சும்மா இருக்கவிடவில்லை. அன்றைய பாத்திரம் மொத்தத்தையும் அவரே கழுவினார். கடைசிக் கரண்டியைத் துடைக்கும்போதுதான் அலுவலகத்து கௌரவம் நினைவுக்கு வந்தது.

"இதை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சேச்சே, நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?"

மறுநாளும் கேபிள் சரியாகவில்லை. இந்த முறை வாய்விட்டுக் கேட்டார். அவளும் சந்தோஷமாகக் கொடுத்தாள். நிமிர்ந்த தலையோடு போய் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். உள்ளே பழைய இருமல் கிளம்பியது. சற்று நேரத்தில் பக்கத்துத் தையல்கடைக்காரரும் தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"சார், 'பாத்திரம் நல்லா கழுவுவார்'னு ஒண்ணு வருதே, அது உங்க லைன்தானே?"