மூன்றுக்கு இரண்டு சக்கரம்

பறவையைப் போலப் பறக்க வேண்டும் என்பது மனித குலத்தின் ஆசை. பக்கத்துக் கடைக்காரன் பறப்பதற்குள் பறந்துவிட வேண்டும் என்பது மெத்தைக் கடை முதலாளியின் ஆசை. அதற்காகவே குட்டி விமானம் ஒன்று வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டார். அன்று மனைவியின் தம்பியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்க வந்தால், மூன்று சக்கரங்களில் இரண்டுதான் வெளியே வந்தன. இடது சக்கரம் அடம் பிடித்தது. சக்கரத்தை இறக்கும் கைப்பிடியைச் சுற்றினார், விமானத்தைக் குலுக்கினார். ஊஹூம்.

கீழே, 'விபத்தே இல்லாத விமான நிலையம்' என்ற விருதை வாங்க நிலைய அதிகாரி புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு காத்திருந்தார். விருந்தினர்களும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. நேரம் பார்த்துத்தானா இந்த மனுஷன் வானத்தில் வம்பு பண்ண வேண்டும்!

"சார், ஒரு சக்கரம் இறங்கலை!" முதலாளி ரேடியோவில் அலறினார்.

"பதறாதீங்க. எத்தனை இறங்கியிருக்கு?"

"ரெண்டு."

உடனே அவசரக் கூட்டம் கூடியது. மூன்றுக்கு இரண்டு என்பது அறுபத்தாறு சதவீதம், ஆகவே முதல் வகுப்புத் தேர்ச்சி என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"வாழ்த்துகள் சார், நீங்க பாஸ்! தாராளமா இறங்கலாம்."

"யோவ், இப்படியே இறங்கினா குடை சாஞ்சிடும்யா! ரெண்டையும் உள்ளே இழுத்துக்கிட்டு வயித்தால இறங்கறேன். தீயணைப்பு வண்டியை அனுப்பு!"

"ஐயையோ, அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க! ரெண்டையும் இழுத்தா பூஜ்யம். பூஜ்யம்னா விபத்து. தீயணைப்பு வண்டி நகர்ந்தாலே விபத்து."

"ரெண்டோட இறங்கிக் கவிழ்ந்தா?"

"அது பாஸானதுக்கு அப்புறம் நடக்கிறது. எங்க கணக்குல வராது சார்."

"மாமா, அக்காகிட்ட சொல்லாம வந்துட்டேன் மாமா," என்று மைத்துனன் விசும்பினான்.

"வாயை மூடிக்கிட்டு கதவை லேசா திறந்து வை. இறங்கினப்புறம் சிக்கிக்கும்."

முதலாளி சதவீதத்தின் அருமை தெரியாதவர். உயிர்தான் பெரிதாகப் பட்டது. இரண்டு சக்கரங்களையும் உள்ளே இழுத்தார், கடைசி நொடியில் இன்ஜினை நிறுத்தினார். விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போய் விழா மேடைக்கு எதிரில் நின்றது. இருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்து காதைக் கடித்தார். "விபத்துன்னா உங்க லைசென்ஸ் போச்சு, என் விருது போச்சு. ஆசைப்பட்டுத்தான் இப்படி இறங்கினேன்னு மைக்ல சொல்லிடுங்க. ரெண்டும் நிக்கும்."

முதலாளி மைக்கைப் பிடித்தார். "சக்கரம் நமக்கும் மண்ணுக்கும் நடுவில் நிற்கும் தடை. அதைத் துறந்தேன்!"

கைதட்டல் அடங்கவே இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா! சக்கரத்தோடு இறங்குகிறவன் பத்தாம்பசலி என்று ஆகிவிட்டது. விமானம் வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் வயிறு தேய இறங்கினார்கள். முதலாளி வகுப்பு எடுத்தார்; இருக்கைக்கு அடியில் போடத் தனி மெத்தையும் விற்றார். பார்க்கிறவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார் அதிகாரி. மைத்துனனும் சொந்தமாக ஒரு விமானம் வாங்கினான்.

ஒரு நாள் எல்லாரும் கூடியிருக்க, ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. "மாமா, இன்ஜின்ல புகை வருது! சக்கரமும் நிஜமாவே வரலை மாமா! தீயணைப்பு வண்டியை அனுப்பச் சொல்லுங்க!"

"அடடா, என்ன நடிப்பு!" என்று கூட்டம் சிலிர்த்தது.

முதலாளி துள்ளி எழுந்தார். "நடிப்பு இல்லைய்யா, நிஜமாவே பழுது!"

"அப்படியா?" அதிகாரி அவர் பக்கம் குனிந்தார். "அப்ப அன்னைக்கு உங்களோடது என்ன சார்?"

மெத்தை வாங்கியவர்கள் அத்தனை பேரும் முதலாளியின் முகத்தையே பார்த்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே குட்டி விமானம் புகை விட்டபடி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். பிறகு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கை தட்டினார்.