அரை உருளைக்கிழங்கு முறை

மலைப்பயிர் சேமிப்பு மற்றும் மீள்வழங்கு கழகத்தின் கொடைக்கானல் கிளையில் நான் எழுத்தராகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். பெயர் மரியசெல்வம். கழகத்தின் வேலை மிக எளியது. பூம்பாறைப் பக்கத்து விவசாயிகள் அறுவடை முடிந்ததும் விதைப்பூண்டை எங்கள் கிட்டங்கியில் கொண்டுவந்து வைப்பார்கள். ஊன்றுகிற காலம் வந்ததும் எடுத்துப் போவார்கள். கிட்டங்கிக் காப்பாளர் அப்துல் சலாம் "எது உன்னுது?" என்று கேட்பார். அவர்கள் சாக்கைக் காட்டுவார்கள். சலாம் தூக்கி வெளியே போடுவார்.

இந்த நடைமுறையில் இருபது வருஷமாக ஒரு தவறும் நேரவில்லை. ஆகவே அதை மாற்றியே தீரவேண்டும் என்று மெட்ராஸ் தலைமையகம் 1982-ஆம் வருஷம் முடிவு செய்தது.

கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். எப்போது என்று சுற்றறிக்கையில் இல்லை. ஆனால் அது வருவதற்கு முன்பே ஊழியர்கள் கம்ப்யூட்டரைப் போலவே சிந்தித்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. முதலில் ஏ.சி. மெஷின் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் அறை எந்த ஊரில் இருந்தாலும் குளிரூட்டப்பட வேண்டும் என்பது விதி. மார்கழி மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. நாங்கள் கதவை இறுக்கிச் சாத்தி ஏ.சி.யை ஓடவிட்டோம். பிறகு அந்த அறையில் உட்காருகிறவர்களுக்காக ஒரு ஹீட்டர் கேட்டு மெட்ராசுக்கு எழுதிப்போட்டோம்.

அடுத்து, கிளைக்கு ஒருவர் மெட்ராஸ் போய் 'முறைமை வடிவமைப்பு' கற்றுவர வேண்டும் என்று உத்தரவு. கிளை மேலாளர் சேனாதிபதி என்னைத்தான் அனுப்பினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இங்கிலீஷ் வரும் என்பது காரணம். திரும்பி வந்தால் 'முறைமை அலுவலர்' என்று பதவி உயர்வு உண்டு. அந்தப் பெயர்ப்பலகையை நான் ரயிலிலேயே மனசுக்குள் எழுதி மாட்டிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் பயிற்சி. கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துக் காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று பார்த்தோம். எனக்குப் பின்னால் நின்ற கோயம்புத்தூர்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசி நாள் ஆளுக்கு இரண்டு கல்விச் சாதனங்கள் வழங்கினார்கள். ஒன்று, ரோனியோ மெஷினில் நகலெடுத்த குறிப்புப் புத்தகம். மற்றொன்று, பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதில் விதவிதமான வடிவத்தில் ஓட்டைகள். அலுவலகத்தில் நடக்கிற எந்தக் காரியத்தையும் அந்த ஓட்டைகளுக்குள் பேனாவை விட்டுப் படமாக வரைந்துவிடலாம். வேலை என்றால் சதுரக் கட்டம். கேள்வி என்றால் சாய்ந்த கட்டம், அதற்கு ஆமா, இல்லை என்று இரண்டு பதில். ஆரம்பம், முடிவு என்றால் நீள்வட்டம். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி.

அந்தத் தகட்டை நான் உயிராகப் பாதுகாத்தேன். கோடைரோட்டில் இறங்கிப் பஸ் ஏறியதும், யாராவது தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சீட்டில் எனக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோது எழுந்து பார்த்தால், தகட்டின் ஒரு மூலை உடைந்து நீள்வட்டம் பாதியாகிக் கிடந்தது. என் எடை எழுபத்தெட்டு கிலோ. 'மலைப்பாதையின் கடும் வளைவுகள் காரணமாகச் சேதம்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். உண்மையை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சேனாதிபதி அறிக்கையைப் படித்தார். "வேற தகடு கேட்டு எழுதுவமா?" என்றார்.

"எழுதலாம் சார். ஆனா பழசை நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்தாத்தான் புதுசு தருவாங்களாம்."

"நல்ல நிலையில இருந்தா நாம ஏன்யா புதுசு கேக்குறோம்?"

"அதை அவங்க சொல்லலை சார்."

"கையால வரைஞ்சிட்டா?"

நான் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்து நான்காம் விதியைக் காட்டினேன். 'கையால் வரையப்பட்ட குறியீடுகள் செல்லத்தக்கவை அல்ல. கருவியால் இடப்பட்டவையே செல்லும்.'

"சரி, முடிவு இல்லாமலே படத்தைப் போடு. ஆரம்பம் வேணுமேய்யா?"

"ஆரம்பம் அமைச்சர் ரிப்பன் வெட்டுறதுல வந்துரும் சார்."

அப்படித்தான் கழகத்தின் முதல் முறைமை வடிவமைப்பு உருவானது. பதினாறு சதுரம், ஏழு சாய்ந்த கட்டம். கடைசிக் கட்டத்திலிருந்து புறப்படுகிற அம்பை எங்கே கொண்டுபோவது என்று ஒரு சிக்கல் வந்தது. 'எந்த அம்பும் அந்தரத்தில் நிற்கலாகாது' என்பது ஒன்பதாம் விதி. நான் யோசித்துப் பார்த்து, அதை அப்படியே மேலே வளைத்து முதல் கட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முதல் கட்டம் 'விண்ணப்பம் பெறுக.' படம் பார்க்க மிக லட்சணமாக இருந்தது. சேனாதிபதி அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அடுத்த ஊன்றுகாலத்தில் முதலாவதாக வந்தவர் பூம்பாறை அழகம்மாள். ஐம்பது வயசிருக்கும். கிட்டங்கியில் அவருடைய விதைப்பூண்டு ஆறு சாக்கு இருந்தது. முதல் பஸ்சைப் பிடித்து வெள்ளனே வந்துவிட்டார். விண்ணப்பம் வாங்கினேன். விதைப்பூண்டா? ஆமா. இவருடையதா? ஆமா. எல்லாச் சாய்ந்த கட்டத்திலும் ஆமா. பதினாறு சதுரத்தையும் தாண்டி, அம்பு முதல் கட்டத்துக்கு வந்து நின்றது.

"இன்னொரு விண்ணப்பம் குடும்மா" என்றேன்.

"இப்பத்தானே சார் குடுத்தேன்?"

"அது போன சுற்று. செவ்வாய்க்கிழமை வா."

செவ்வாய்க்கிழமை வந்தார். திரும்ப ஆமா, ஆமா, ஆமா. திரும்ப முதல் கட்டம். மூன்றாவது செவ்வாய் அவர் நேராக அப்துல் சலாமிடம் போய்விட்டார். சலாம் அவரைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஆத்தாவோட சாக்கு அந்தா கெடக்கு. தூக்கிக் குடுத்துரவா சார்?"

"நடவடிக்கை முடிஞ்ச பிறகுதான் பொருளை ஒப்படைக்கணும். படத்துல முடிவு இருக்கா?"

சலாம் படத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். "இல்லீங்க."

"அப்புறம்?"

"சார், மழை பிடிச்சிருச்சுன்னா ஊண முடியாது" என்றார் அழகம்மாள். "வாங்குன கடனெல்லாம் அந்தப் பூண்டை நம்பித்தான். ஒரு வருஷச் சாப்பாடு சார் அது. வெரசா ஏதாவது செய்யுங்க."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பேனா சட்டைப்பையில் இருந்தது. ஒரு நீள்வட்டம் வரைய எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மெட்ராசிலிருந்து பதவி உயர்வுக் கோப்பு அந்த வாரம்தான் கிளம்பியிருந்தது. கையால் வரைந்தவன் என்று யாராவது எழுதிப்போட்டால் போயிற்று. "செவ்வாய்க்கிழமை வா" என்றேன்.

நான்காவது செவ்வாய்க்குள் சாக்குகளின் தையல் வழியாகப் பச்சை முளை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. சலாம் ஓடிவந்து சொன்னார். சேனாதிபதி பரபரப்பானார். அவசரக் கூட்டம் போட்டோம். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி என் மேசையில் வைத்து, 'முளைத்துவிட்டதா?' என்று ஒரு சாய்ந்த கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தோம். ஆமா என்றால் முதல் கட்டத்துக்குப் போகவேண்டும். இல்லை என்றாலும் அங்கேதான்.

அழகம்மாள் அன்று கத்தவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, "அப்படி எந்த வடிவம்தான் சார் ஒங்களுக்கு இல்லாமப் போச்சு?" என்று கேட்டார். உடைந்த தகட்டைக் காட்டினேன். பாதி நீள்வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது உருளைக்கிழங்குல்ல?"

பக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த பை இருந்தது. அதிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, கூடவே இருந்த பன்னருவாளால் நீளவாக்கில் ஒரே வெட்டு. பாதியை என் மேசை மேல் இருந்த ஊதா மைப்பெட்டியில் ஒற்றி எடுத்து, படத்தின் கடைசிக் கட்டத்துக்குக் கீழே ஓங்கிக் குத்தினார். அழகான நீள்வட்டம் விழுந்தது.

"கையால வரையலையே?" என்றார்.

நான் சேனாதிபதியைப் பார்த்தேன். அவர் நான்காம் விதியைப் பார்த்தார். விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"கருவியால் இடப்பட்டது" என்றார் கடைசியில். "கருவி எந்தப் பொருளால் ஆனதுன்னு விதியில இல்லை. செல்லும்."

சலாம் ஆறு சாக்கையும் ஒரே மூச்சில் வெளியே தூக்கிப் போட்டார். "முளைச்சதையே ஊணிக்கிறேன், எனக்கு ஒரு வாரம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு அழகம்மாள் மத்தியான பஸ்சைப் பிடித்துப் போய்விட்டார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'உள்ளூர் வளங்களைக் கொண்டு முடிவுக் குறியீடு இடும் புதிய வடிவமைப்பு முறை' என்று தலைப்பு. அதில் அழகம்மாள் பெயர் இல்லை. என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மெட்ராசில் அதைப் படித்து மகிழ்ந்துபோனார்கள். பெயர்ப்பலகை வந்தது. அடுத்த மே மாதம், சரியாக மெட்ராசில் வெயில் கொளுத்தும்போது, முப்பத்திரண்டு அதிகாரிகள் குடும்பத்தோடும் குரங்குக் குல்லாவோடும் கொடைக்கானலுக்குப் பயிற்சி பெற வந்தார்கள். காலையில் ஏரியில் படகு, மத்தியானம் பேரிக்காய், சாயங்காலம் கால் மணி நேரம் நான் கிழங்கு வெட்டிக் காட்டுவேன். குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒரு இணை இயக்குநர் மட்டும் கை தூக்கினார்.

"மிஸ்டர் மரியசெல்வம், மறுபாதி?"

"அது ஆபீஸ் காப்பி சார்" என்றேன்.

பலத்த கைதட்டல். அறுபத்திரண்டு பக்கக் கையேடு அச்சாகி வந்தது. கிழங்கின் நீளம் ஏழு சென்டிமீட்டர், கண் மூன்றுக்கு மேல் இருக்கலாகாது, மறுபாதி கோப்பில் வைத்துக் கட்டப்பட வேண்டும். மாநிலம் முழுக்க எங்கள் கழகத்துக் கோப்புகள் வீங்கி, நாறி, அலமாரிக்குள்ளேயே முளைவிட்டன. வடிவமைப்பு வேரூன்றிவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

தரமான கிழங்கு வழங்க ஒப்பந்தம் விட்டபோது, கையேட்டில் சொன்ன அளவில் கிழங்கு விளைவித்தவர் ஒரே ஒருவர்தான். பூம்பாறை அழகம்மாள். கிழங்கு அங்குமிங்கும் போய்விடாமல் இருக்க, அவருடைய வழங்கல் நடைமுறைக்கும் நானே ஒரு படம் வரைந்து கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து, கம்ப்யூட்டரும் ஒருவழியாக வந்து, உறை போட்டு மூடி வைக்கப்பட்டது. போன மாசம் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பணிவிடுவிப்பு ஆணை வாங்கப் போனால், என் நாற்காலியில் இப்போது இருக்கும் அமலி எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள்.

"முடிவு முத்திரை இல்லாம ஆணை தரமுடியாது சார். ஸ்டாக்குல கிழங்கு இல்லை. இந்த வருஷம் கருகல் நோய்."

"ஒரு சின்ன வட்டம்தானேம்மா. நானே வரைஞ்சுடறேன்."

"கையாலயா?" அவள் முகம் வெளிறிவிட்டது. "நீங்களா சார் இப்படிப் பேசுறீங்க?"

ஆணை இல்லாவிட்டால் பென்ஷன் இல்லை. அதுவரை தினமும் ஆபீசுக்கு வந்து கையெழுத்தும் போடவேண்டும். சம்பளம் மட்டும் கிடையாது, ஏனென்றால் எனக்கு வயசு முடிந்துவிட்டது. மறுநாளே பூம்பாறைக்குப் பஸ் ஏறினேன்.

அழகம்மாள் வீட்டு வாசலில் நான் வரைந்து கொடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவர் எனக்கு வரக்காப்பி கொடுத்து உட்காரவைத்தார். உள்ளே அரை மூட்டை நல்ல கிழங்கு இருந்ததைப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு போதும்மா" என்றேன்.

அவர் எழுந்து படத்தின் முன்னால் போய் நின்று, விரலை வைத்துக் கட்டம் கட்டமாக வந்தார். "ஒங்க நடவடிக்கை முடிஞ்சிருச்சா சார்?"

"முடிக்கத்தானே கிழங்கு கேக்குறேன்."

"முடிஞ்சவங்களுக்குத்தான் குடுக்கணும்னு போட்டிருக்கே. நீங்க வரைஞ்சதுதான்." அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. "செவ்வாய்க்கிழமை வாங்க."

வரக்காப்பியைக் குடித்து முடித்து எழுந்தேன். சட்டைப்பையில் அதே பேனா இருந்தது. அன்று வரையாத கை இன்றைக்கும் வரையவில்லை.

செவ்வாய்க்கிழமை பூம்பாறை பஸ்சில் ஏறினேன். கூட்டம் நெரிந்தது. ஆசிரியர், வனக்காவலர், ஓட்டல் முதலாளி என்று எல்லோர் கையிலும் விண்ணப்பம். இப்போது எல்லா ஆபீசிலும் எங்கள் முறைதான். முன் சீட்டில் சேனாதிபதி உட்கார்ந்திருந்தார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. மடியில் ஒரு கோப்பு.

"சார், நீங்களுமா?"

"எழுபத்தெட்டாவது செவ்வாய்" என்றார். பக்கத்து இடத்தில் இருந்த துண்டை எடுத்தார். "உக்காருய்யா, மரியசெல்வம். ஆனா உக்கார்றதுக்கு முன்னால கீழே ஏதாவது கெடக்கான்னு ஒரு தடவை பாத்துக்க."

"சார், அப்ப தகடு எப்படி உடைஞ்சதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"அந்த பஸ்சுல ஒனக்குப் பின் சீட்டுல நான்தானே இருந்தேன்" என்றார் சேனாதிபதி. "நான் லீவு போடாம மதுரைக்குப் போயிட்டு வந்துகிட்டிருந்தேன். எப்படிய்யா சொல்ல முடியும்?"