மூன்றாம் மாடியில் பின்னதிர்வு

முந்தின நாள் காலை வந்த நில அதிர்வில், நீலக் கேட் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி வீட்டில் ஒரு தம்ளர்கூட உடையவில்லை. பூனை மட்டும் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்துகொண்டு, இன்னும் வெளியே வரவில்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

அது மகளின் பூனை. பெயர் குண்டு. மகளும் அவள் அம்மாவும் சாயங்காலம் ஊரிலிருந்து திரும்புகிறார்கள். வீட்டில் இருந்தவர் அப்பா மட்டும்; வாஷிங் மெஷின் மெக்கானிக். அவர் கால்நடை டாக்டரம்மாவுக்கு போன் போட்டார்.

“இழுக்காதீங்க. பூனைக்கு அதிர்வு முதல்ல பாதத்துலதான் தெரியும். தரை மேல நம்பிக்கை வந்தா தானா வரும். பழகின துணி ஏதாவது பக்கத்துல போடுங்க.”

“வராட்டி?”

“பூனை பட்டினி தாங்காதுங்க, ஈரல் கெட்டுடும். இன்னிக்கும் சாப்பிடலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க.”

மகளின் போர்வையைச் சந்தின் வாயில் விரித்தார். குண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி, முகர்ந்து, அதன்மேலேயே மூத்திரம் போனது. பயந்த பூனை அப்படித்தான். தன் வாசனை இருந்தால்தான் அதற்கு அது தன் இடம்.

போர்வையை மெஷினில் போட்டுவிட்டு, மனைவியின் சால்வையை விரித்துக் காத்திருந்தார். மெஷின் ஓடும் சத்தம் அவருக்குக் கடிகாரச் சத்தம் மாதிரி. காதில் விழும், மனதில் ஏறாது.

வெகுநேரம் கழித்து மீசை தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தரை நடுங்கியது. மீசை மறைந்தது. அவர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தார். நின்றதும் வந்து பார்த்தால், சால்வையும் நனைந்திருந்தது.

சால்வை மெஷினுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு நடுக்கம். மேசைக்கு அடியில் இருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள்.

“குண்டு சாப்பிட்டாளா?”

“சாப்பிடப் போறா.”

“என்ன, குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?”

“மேசைக்கடியில இருக்கேன். பின்னதிர்வு.”

“பூனையைப் பாத்துக்கங்கன்னா, நீங்களும் கூட சேந்து ஒளிஞ்சுக்குவீங்களா?”

அவருக்கு ரோஷம் வந்தது. நடுக்கத்தை நிறுத்த முடியாது; பாதத்துக்குப் போகாமல் தடுக்கலாம். அதிர்கிற பொருளுக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைப்பது அவர் தொழிலில் பாலபாடம். ஜமுக்காளம், விரிப்புகள், தலையணை உறைகள், தன் சட்டைகள் எல்லாவற்றையும் சந்துக்குள் திணித்தார்.

குண்டு ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

எல்லாவற்றையும் மூடி மூடாத அளவுக்கு மெஷினில் அடைத்தார். இந்த முறை வந்த நடுக்கத்தில் ஜன்னல் கதவுகள் படபடத்தன, சுவர்க் கடிகாரம் கழன்று விழுந்தது. குண்டு அலமாரியின் உச்சிக்கு ஏறி, சூட்கேஸுக்குப் பின்னால் மறைந்தது. போன் அடித்தது. மேசைக்கடியிலிருந்தே எடுத்தார்.

“வாஷிங் மெஷின் மெக்கானிக்குங்களா? லிஃப்ட்ல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. நீலக் கேட் அடுக்குமாடி, ரெண்டாவது மாடிக்குப் புதுசா குடிவந்திருக்கோம்.”

“நாளைக்கு வரேம்மா. பின்னதிர்வு நிக்கட்டும்.”

“அதெல்லாம் ஒண்ணும் வரலீங்க, நேத்து ஆட்டத்துல எங்க மேல் வீட்டு மெஷினுக்குக் கால் மட்டம் தப்பியிருக்கு, அது சுத்தறப்பல்லாம் எங்க நாய் கட்டிலுக்கடியில ஓடுது, யாரு இருக்காங்கன்னு தெரியல, கூலி நானே தரேன், கொஞ்சம் போய் சரி பண்ணிடுங்க.”