புரட்டாசி சனிக்கிழமை பிடிச்ச கொடுவா

போன புரட்டாசி மாசம், ஒரு சனிக்கிழமை, பொண்டாட்டி பிள்ளைங்களோட படகுல மீன் பிடிக்கப் போனேன்.

இந்த ஒரு வரியைப் படிச்சதுமே தப்பு எங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியறதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு.

முதல்ல என் மச்சானைப் பத்திச் சொல்லணும். பேரு பாஸ்கர். என் மனைவி மாலதிக்கு அண்ணன். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா குடும்ப குரூப்ல அவர் போட்டோ ஒண்ணு வந்து விழும். பின்னாடி கடல், கண்ணுல கூலிங் கிளாஸ், கையில ஒரு பெரிய மீன். என் மாமியார்ல ஆரம்பிச்சு சின்னம்மா வீட்டுப் பிள்ளைங்க வரைக்கும் கைத்தட்டுவாங்க.

கைத்தட்டிட்டுப் போகட்டும். கடைசியில மச்சான் என்னைக் கூப்பிட்டு ஒரு வரி எழுதுவாரு பாருங்க: "மாப்ள, நீங்க எப்போ?"

நானும் சும்மா இருக்கிற ஆள் இல்ல. தூண்டில் எடுத்துக்கிட்டு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் போயிருக்கேன். பிளாஸ்டிக் பை பிடிச்சிருக்கேன். ஒருத்தரோட செருப்பைப் பிடிச்சிருக்கேன். பக்கத்துல நின்ன பெரியவர் சட்டையைக்கூட பிடிச்சிருக்கேன், அவர் அதுக்குள்ள இருக்கும்போதே. மீன் மட்டும் மாட்டினதில்ல.

அதனால எனக்கு வேண்டியது மீனே இல்லீங்க. மீனோட நான் நிக்கிற ஒரு போட்டோ. அதைக் குரூப்ல போட்டு ஒரே ஒரு நாள் மச்சான் வாயை மூட வைக்கணும். அவ்வளவுதான் ஆசை.

அப்பதான் ஆன்லைன்ல ஒரு படகைப் பார்த்தேன். குடும்பத்தோட போகலாம், தூண்டில் ராடு, இரை எல்லாம் அவங்களே தருவாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு, ஒண்ணும் தெரியாதவங்களுக்கு கேப்டனே சொல்லிக் கொடுப்பாருன்னு போட்டிருந்துச்சு. அந்தக் கடைசி வரி எனக்காகவே எழுதின மாதிரி இருந்துச்சு.

ஜூன் லீவுலேயே போன் பண்ணிட்டேன். எந்த சனிக்கிழமையும் இடமில்ல. இங்க அக்டோபர்ல வர்ற சில்ட்ரன்ஸ் டேக்கு மறுநாள் மட்டும் காலியா இருக்குன்னாங்க. நம்ம அதிர்ஷ்டத்தைப் பாருங்கன்னு உடனே புக் பண்ணிட்டேன். எல்லா நாளும் நிரம்பிக் கிடக்கும்போது அந்த ஒரு நாள் மட்டும் ஏன் காலின்னு மூளை இருக்கிறவன் யோசிச்சிருப்பான்.

புரட்டாசி பொறந்துச்சு. வீட்ல வழக்கம்போல பாத்திரமெல்லாம் தேய்ச்சுக் கவுத்தாச்சு. ஃப்ரீசர் காலி. முட்டைகூட கிடையாது. நானும் நல்ல பிள்ளையா சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அப்ப என் பையன் கவின் வந்து, மீன் பிடிக்கப் போறதுக்கு வாங்கின தொப்பி எங்கம்மான்னு கேட்டான்.

மாலதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. திரும்பவும் காலண்டரைப் பார்த்தா.

"என்னங்க, அது மூணாவது சனிக்கிழமை."

அப்பதான் எனக்கே உறைச்சுச்சு. ஆனாலும் விடல. புரட்டாசியில மீன் சாப்பிடத்தான் கூடாது, பிடிக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லையேன்னு வக்கீல் மாதிரி எடுத்து விட்டேன்.

அவ என் சின்னப் பொண்ணு நிலாவைக் கூப்பிட்டா.

"பெருமாள் முதல்ல எடுத்த அவதாரம் என்னம்மா?"

"மீன்" அப்படின்னுச்சு அது. கோயில் வகுப்புக்கு அனுப்பினது நான்தான்.

கேஸ் அங்கேயே முடிஞ்சிடுச்சு. தேதியை மாத்தலாம்னா படகுக்காரங்க முடியாதுன்னுட்டாங்க. வேணாம்னு விட்டுடலாம்னா பிள்ளைங்க ரெண்டும் வகுப்பு முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க. நிலா உதட்டைப் பிதுக்கினதும் மாலதி இறங்கி வந்தா. ஆனா நிபந்தனை போட்டா. காலையில முதல்ல பெருமாள் கோயில். பிடிக்கிற மீன் ஒண்ணுகூட சாகக் கூடாது, உடனே கடல்ல விட்டுடணும். வீட்டுக்கு ஒரு செதில்கூட வரக் கூடாது. முக்கியமா, இது யாருக்கும் தெரியக் கூடாது.

போட்டோன்னு இழுத்தேன். புரட்டாசி முடிஞ்சப்புறம் போட்டுக்கோங்க, என்னைக்கு எடுத்ததுன்னு மூச்சு விடக் கூடாதுன்னா. எனக்கு அது போதும்.

போக வேண்டிய சனிக்கிழமை காலையில அத்தை போன் பண்ணாங்க. நாள் முழுக்க கோயில்லதாம்மா இருப்போம்னு மாலதி சொல்லிட்டா. அவங்க அம்மாகிட்ட அவ பொய் சொல்லி அன்னைக்குத்தான் பார்த்தேன். போனை வச்சிட்டு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டா.

சிராங்கூன் ரோட்டுல கோயில் வரிசை வாசலைத் தாண்டி நின்னுச்சு. சாமி கும்பிட்டு வெளியே வந்தப்போ படகுக்கு நேரமாகிடுச்சு. டாக்சியிலேயே வேட்டிக்கு மேல கால்சட்டையை மாட்டி, உள்ளேயிருந்து வேட்டியை உருவ ஆரம்பிச்சேன். டிரைவர் கண்ணாடியில பார்த்து, "அங்கிள், யூ ஓகே அ?"ன்னு கேட்டாரு. நான் ஓகே லான்னு சொன்னேன். சாங்கி போற வரைக்கும் வேட்டி பாதிதான் வந்துச்சு.

படகுத்துறையில கேப்டன் நின்னுக்கிட்டிருந்தாரு. காசிம் பாய். பூர்வீகம் நாகூர் பக்கம், பொறந்து வளர்ந்தது இங்கதான். எங்க நாலு பேர் நெத்தியையும் ஒரு தடவை பார்த்தாரு. பளபளன்னு புதுத் திருமண்.

"ஏண்ணே, புரட்டாசி சனிக்கிழமைதானே இன்னைக்கு?"

ஆமாம்னு தலையாட்டினேன். ஒவ்வொரு வருஷமும் இந்த மாசம் நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரமாட்டாங்க, பழைய கஸ்டமருங்க தேதியை எல்லாம் விட்டுடுவாங்க, அதான் உங்களுக்கு இடம் கிடைச்சுதுன்னு அவர் சிரிச்சுக்கிட்டே விளக்கினாரு. மாலதி என்னைப் பார்க்கவே இல்ல. பார்க்காம இருக்கிறதுலயும் ஒரு விதம் இருக்கு.

நடுக்கடல்ல படகை நிறுத்தி, பாய் ஒரு டப்பாவைத் திறந்தாரு. உள்ள உயிரோட இறால் துள்ளுது. அதுதான் இரை.

மாலதி அந்த டப்பாவை மூடிட்டா.

இன்னைக்கு இறாலும் சாகக் கூடாது பாய்னு சொல்லிட்டு, தன்னோட பையிலேர்ந்து வேற ஒரு டப்பாவை எடுத்தா. சைவ இறால்! மாவுல செஞ்சு, வாலை வளைச்சு, முதுகுல ஆரஞ்சுக் கோடெல்லாம் போட்டு விப்பாங்களே, அது. புரட்டாசியில எங்க வீட்ல அதுதான் விருந்து. மத்தியானம் புளியோதரைக்குத் தொட்டுக்க மிளகாய்ச் சம்பல் போட்டுப் பிரட்டிக் கொண்டு வந்திருந்தா.

"அம்மா, மீனுக்குப் புரட்டாசி தெரியாதும்மா" அப்படின்னாரு பாய்.

"நமக்குத் தெரியும்ல பாய்."

பாய் சம்பலைக் கழுவிட்டு, சைவ இறாலைத் தூண்டில் முள்ளுல குத்திக் கொடுத்தாரு. என் ஆசையில மண்ணு விழுந்துச்சுன்னு நான் ராடைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்.

நிலா போட்ட உடனே மாட்டுச்சு.

விரல் நீளத்துக்கு ஒரு மீன். பாய் பக்குவமா முள்ளை எடுத்தாரு. மாலதி ரெண்டு கையாலயும் வாங்கி, மன்னிச்சுக்கோப்பான்னு அதுகிட்ட சொல்லிட்டு, கோவிந்தான்னு தண்ணியில விட்டா. பிள்ளைங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு. அடுத்தது கவின் பிடிச்சான். கோவிந்தா! மறுபடியும் நிலா. கோவிந்தா! கொஞ்ச தூரத்துல நின்ன இன்னொரு படகுல இருந்தவங்க தூண்டிலை விட்டுட்டு எங்களையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

எனக்கு மட்டும் ஒண்ணும் மாட்டல. படகு வேற தொட்டில் மாதிரி ஆடுது. காலையில சாப்பிட்ட பிரசாதம் தொண்டைக்கு வந்துடுச்சு. பிரசாதத்தை வாந்தி எடுத்தா பாவம்னு மாலதி வேற பக்கத்துல நின்னு சொல்றா. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, கண்ணுல தண்ணி முட்ட, தூரத்துல தெரிஞ்ச கப்பலையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அப்பதான் ராடு வளைஞ்சுச்சு.

பாறையில சிக்கிடுச்சுன்னு நினைச்சேன். பாய் ஓடி வந்து, பாறை இல்லண்ணே, விடாதீங்க, சுத்துங்கன்னு கத்தினாரு. சுத்தினேன். அது இழுத்துச்சு. நானும் கூடவே போனேன். கவின் என் இடுப்புல பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டான், நிலா அவனைப் பிடிச்சுக்குச்சு. கால் வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் புளியோதரை டப்பா. பரவாயில்ல, எழுந்திரிக்கல, உட்கார்ந்தபடியே சுத்தினேன்.

மேல வந்துச்சு பாருங்க, கொடுவா! நிலா பொறந்தப்போ கூட அந்த எடை இல்ல. வெள்ளி மாதிரி மினுங்குது. வாயில சைவ இறாலோட வால் நீட்டிக்கிட்டிருக்கு. மச்சான் இவ்வளவு வருஷமா போட்ட எந்த மீனும் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. சொல்றதுக்கு என்ன வெக்கம், எனக்கு அழுகையே வந்துடுச்சு.

முதுகு முள்ளு கிழிச்சுடும்னு பாய் ஒரு ரப்பர் ஏப்ரனை என் கழுத்துல மாட்டி, கையில கிளவ்ஸ் போட்டு விட்டாரு. போட்டோ, போட்டோன்னு நான் கத்தறேன். மீனுக்கு மூச்சு முட்டும்னு மாலதி கத்தறா. பாய் வாளியில தண்ணி மொண்டு மீன் மேல ஊத்துறாரு, பாதி என் மேல.

போனைத் தூக்கின மாலதி, அந்த அவசரத்துலயும் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தா. கடல் தெரியக் கூடாது, யாராவது என்னைக்கின்னு கேப்பாங்க. பிள்ளைங்க தெரியக் கூடாது. என் நெத்தி தெரியவே கூடாது, தொப்பியைக் கீழ இறக்குங்கன்னா. இப்படி நகர்ந்து நகர்ந்து, கேபின் ஓரத்துல கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்க்கு முன்னாடி, ஐஸ் பெட்டி பக்கத்துல என்னை நிறுத்திட்டா. நான் மீனைத் தூக்கிச் சிரிச்சேன். ஒரே ஒரு கிளிக்.

அடுத்த நொடி மீன் என் கன்னத்துல வாலால ஓங்கி ஒண்ணு விட்டுட்டு, தானாவே கடல்ல குதிச்சிடுச்சு. கோவிந்தா சொல்லக்கூட நேரம் கொடுக்கல.

வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எம்ஆர்டி ரயில்ல பார்த்தேன், ஆபீஸ் மீட்டிங்ல மேசைக்குக் கீழ வச்சுப் பார்த்தேன். ஆனா ஒவ்வொரு தடவையும் மீனை மட்டும்தான் பார்த்தேன். போட்டோவுல மத்ததும் இருக்குன்னு புத்திக்கு எட்டல.

ஐப்பசி ஒண்ணாந்தேதி பொழுது விடிஞ்சதும் குரூப்ல போட்டேன். கீழ ஒரே வரி: "இப்போ."

கைத்தட்டல் வந்துச்சு. சின்னம்மா ஆச்சரியப்பட்டாங்க. மச்சான் பார்த்துட்டாருன்னு போன் காட்டுச்சு. மனுஷன் அடங்கிட்டாருன்னு நான் காப்பியை எடுத்து ரசிச்சு ஒரு வாய் குடிச்சேன்.

அப்புறம் வந்துச்சு: "மீன் சூப்பர் மாப்ள. ஏப்ரன், கிளவ்ஸ், பின்னாடி தார்ப்பாய், ஐஸ் பெட்டி எல்லாம் பக்காவா இருக்கு. எந்த மார்க்கெட்ல வேலைக்குச் சேர்ந்தீங்க?"

அப்பதான் போட்டோவை முழுசா பார்த்தேன். தொப்பியை இறக்கிக்கிட்டு, நனைஞ்ச ஏப்ரனோட, அசல் மீன் கடைக்காரன். விலை சொல்றதுக்குத்தான் வாயைத் திறந்திருக்கேன் போல.

அவசர அவசரமா டைப் பண்ணேன். சத்தியமா கடல்ல நானே பிடிச்சது, உங்க தங்கச்சி பக்கத்துலதான் இருந்தா, அவளையே கேளுங்கன்னு. அனுப்பினதுக்கு அப்புறம்தான் என்ன பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது.

அத்தை உடனே கேட்டாங்க: "மாலதி, கடலுக்குப் போனீங்களா? எப்போ? போன மாசம் சனிக்கிழமை நாள் முழுக்க கோயில்லன்னுதானே சொன்ன?"

மாலதி எனக்கு எதிர்லதான் உட்கார்ந்திருந்தா. கையில போன். என்னை ஒரு தடவை பார்த்தா. என் மானம் பூரா அவ கட்டை விரல்ல இருந்துச்சு. ப்ளீஸ்மான்னு வாயசைச்சேன்.

டைப் பண்ணா. அழிச்சா. மறுபடியும் டைப் பண்ணா.

"கடலெல்லாம் இல்லம்மா. இன்னைக்குக் காலையில டேக்கா மார்க்கெட்ல வாங்கினோம். இவர் ஆசைப்பட்டாரேன்னு கடைக்காரர் ஏப்ரன் கொடுத்தாரு."

அத்தை கிலோ என்ன விலைன்னு கேட்டாங்க. அதுக்கும் பதில் சொன்னா.